மழையில் எறிந்த நாவல்

அன்புள்ள யுவேலான்,

மாஜோங் சூதாடுமிடத்தில் புத்தகம் ஆகாது. நம் சீன மொழியில் புத்தகத்துக்கும் தோல்விக்கும் ஒரே ஒலி. அன்று தோற்றுக்கொண்டிருந்த நான், “உன் புத்தகத்தாலதான் எல்லாம் போச்சு” என்று நீ படித்துக்கொண்டிருந்த நாவலைப் பிடுங்கி ஜன்னல் வழியே மழையில் எறிந்தேன். “எடுத்துட்டு வரேன்” என்று இறங்கினாய். பதினோரு வருடமாகிறது.

நேற்று அதே நாவலை வாங்கினேன். கடைக்காரப் பெண் சிரித்தாள். “எங்கம்மாவும் படிச்சாங்க, நானும் படிக்கிறேன். இவ்வளவு நாள் எங்க போயிருந்தீங்க, தாத்தா?”

அதில் ஒரு மனைவி, மாஜோங் காய்களின் சத்தத்துக்கு நடுவே தனக்குத்தானே பேசிக்கொள்கிறாள். பிறகு வீட்டைவிட்டுப் போகிறாள். எழுபது வருடத்துக்கு முன் இந்த நாவலை எழுதிய அம்மாவுக்கு நம் வீடு எப்படித் தெரிந்தது?

கடைசி மூன்று பக்கங்களைப் படிக்காமல் வைத்திருக்கிறேன். அவள் திரும்பி வருகிறாளா? நீயே எழுது.

இப்படிக்கு,
உன் வீட்டுக்காரன்