கம்பத்துக் காற்றும் முத்துலட்சுமி வீட்டுக் கூரையும்

என் கோபக்கார அக்காவுக்கு,

நான் கூரைமேல் ஏறினேன்! முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன், அப்புறம் திட்டிக்கொள். ஐம்பதைத் தாண்டியவள், சேலைக்கு மேல் என் வீட்டுக்காரரின் பழைய சட்டையைப் போட்டுக்கொண்டு, ஸ்குரு முடுக்கும் மெஷினோடு ஏறினேன். நீ இருந்திருந்தால் ஏணியையே எடுத்து ஒளித்து வைத்திருப்பாய்.

எருத்தேன்பதியிலிருந்து சர்ச்சுக்காரர்கள் ஒரு வேன் பிடித்து, கூரை போட்டுக் கொடுக்க மலைமேல் வண்டன்மேட்டுக்குப் போனோம். புயல் மழையில் அங்கே ஏலத்தோட்ட வேலைக்காரர்களின் வீடுகள் பல, கூரையை இழந்து கிடந்தன. எங்களுக்குக் கிடைத்தது முத்துலட்சுமி வீடு. தார்ப்பாயைக் கட்டிக்கொண்டு தனியாக இருந்தாள். அவள் மகள் தலைப்பிரசவம் முடிந்து ஆஸ்பத்திரியில். மறுநாள் வீட்டுக்கு விடுவார்கள். கூரை இல்லாத இடத்துக்குப் பச்சைக் குழந்தையை அனுப்ப மாட்டோம், நேராக எங்கள் வீட்டுக்குத்தான் என்று சம்பந்தி வீட்டில் சொல்லிவிட்டார்களாம். அதற்குள் கூரை ஏறினால்தான் இங்கே.

"அவுக சொல்றதும் நியாயந்தான்க்கா. ஆனா மொதப் பிள்ளைக்கு எம்மக எங்கிட்ட இருக்கணும்ல?" என்றாள். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அம்மா இல்லாத எனக்கு நீதானே பத்தியச் சோறு பொங்கிப் போட்டாய்?

எங்கள் தலைவர் ஸ்டீபன் அண்ணன் வழக்கம்போல ஜெபத்தை நீட்டினார். நான் சத்தமாக ஆமென் சொல்லி வெட்டிவிட்டேன். வேலை பறந்தது.

நம்மூரில் காற்று மேற்கேயிருந்து கணவாய் வழியாகத்தானே வரும்? அதனால் கிழக்கு ஓரத்தில் ஆரம்பித்து, மேற்கே போகப் போக ஒவ்வொரு தகரமும் முந்தினதன் விளிம்பை மூடும்படி போடுவோம். காற்று அடியில் நுழையாது. யோசிக்காமல் அங்கேயும் அப்படியே போட்டோம். பாதிக் கூரை முடிந்ததும் ஒரே பெருமை. டீ கொண்டு வந்த முத்துலட்சுமி மேலே பார்த்தபடி நின்றுவிட்டாள்.

"யக்கா, இங்கிட்டுக் காத்து கம்பத்துப் பக்கமிருந்துல்ல ஏறி வரும்? போன தடவ தூக்குனதும் அதுதான்."

கம்பம் அவளுக்குக் கிழக்கே, மலைக்குக் கீழே. தகரத்தின் திறந்த விளிம்பை நாங்கள் அந்தக் காற்றுக்கே காட்டி வைத்திருந்தோம்!

"ஏனுங்க, இதக் காத்தாலயே சொல்லக்கூடாதுங்களா?" என்றார் ஸ்டீபன் அண்ணன்.

"ஊர் ஊராப் போயிக் கூர போடுறவுக. தெரியும்னு நெனச்சேன்" என்று சிரித்தாள் அவள்.

எல்லாவற்றையும் கழற்றினோம். மறுநாள் விடிந்ததும் மேற்கு ஓரத்தில் தொடங்கினோம். மத்தியானம் ஸ்டீபன் அண்ணனுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. கடைசி வரிசைக்கு ஆள் இல்லை. நான் ஏறினேன். பயந்தாயா என்று கேட்காதே.

மேகம் கறுத்து, கம்பத்துக் காற்று முகத்தில் அறைந்தது. கடைசி ஸ்குருவை முடுக்கும்போது கீழே ஆட்டோ சத்தம். நான் இறங்கியதும் பிடித்துக்கொண்டது மழை. தகரம் தடதடவென்று அதிர்ந்தது. உள்ளே ஓடிப்போய்ப் பார்த்தேன் அக்கா, ஒரு சொட்டு இல்லை! எல்லோரும் கைதட்டினோம்.

வாசலில் மகளும் குழந்தையும் ஒண்டி நிற்க, முத்துலட்சுமி ஆரத்தித் தட்டை என்னிடம் நீட்டினாள். "எனக்குக் கூடப்பொறந்தவுக யாருமில்ல. நீங்க எடுங்கக்கா."

"நான் வேதக்காரி அம்மணி, ஆரத்தியெல்லாம் எடுத்ததில்ல" என்றேன்.

"இருந்தா என்ன? பிள்ள மேல சாரல் அடிக்குது, எடுங்க!"

எடுத்தேன். முத்துலட்சுமியின் மகள் குழந்தையின் காதருகே குனிந்து, "பாருடி, ஒன்னோட பெரிய அம்மாச்சி" என்றாள்.

என் அக்கா என்றால் நீயும் அவளுக்கு அம்மாச்சிதானே? உன்னைக் கேட்காமலேயே உனக்கு ஒரு பேத்தியைச் சேர்த்துவிட்டேன். காதுகுத்துக்குக் கட்டாயம் போவேன். உன் பங்குச் சீரைத் தனித் தட்டில் வைத்து, இது யார் கொடுத்தது என்று அவளிடம் சொல்லித்தான் கொடுப்பேன்.

உன் தங்கச்சி,
இப்போது முத்துலட்சுமிக்கு அக்கா,
ரீத்தா