ஐந்து தெரு வலயமும் உன் வளவும்

கல்முனைக்குடி
2010.03.21

அன்பு மகள் றுஸ்தாவுக்கு வாப்பா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் உதவியால் நானும் உம்மாவும் ஏதோ இருக்கிறோம், கத்தாரில் நீயும் மருமகனும் பேரன் அர்ஹமும் எங்களைவிட நல்ல சுகத்தோடு இருக்க வேண்டும். உம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான். நான் சீனி வருத்தத்துக்கு ஒழுங்காக மருந்து குடிப்பதில்லை என்று போனில் கோள் சொல்லியிருப்பா, பாதிதான் உண்மை. உடம்பைவிட மனந்தான் களைத்துக் கிடக்கிறது மகள், போனில் சொல்ல வாய் வராததால் எழுதுகிறேன்.

நம் கடற்கரைப் பக்கத்து ஐந்து தெருக்களையும் சேர்த்துத் தனி அபிவிருத்தி வலயமாக்கப் போகிறார்கள். சுனாமியில் கடல் ஊருக்குள் வந்து ஐந்து வருடமாகி, சண்டையும் முடிந்த பிறகுதான் மாநகர சபைக் கந்தோருக்கு நம் நினைவு வந்திருக்கிறது. வலயத்துக்குள் இருக்கும் வீட்டு வளவுகளும் கடைகளும் பத்து வருடத்துக்கு மேலதிக வரி கட்ட வேண்டும், அந்தக் காசு வேறெங்கும் போகாமல் இந்தத் தெருக்களுக்கே வடிகான், விளக்கு, மீன் சந்தை என்று திரும்பி வரும். சொந்தக்காரர் சம்மதிக்க வேண்டும். இதற்கென்று போட்ட ஊர்க் கமிட்டிக்கு நான்தான் செயலாளர், ஜும்ஆ முடிந்ததும் பள்ளியிலேயே கேட்டோம், எல்லாரும் கை தூக்கினார்கள், உன் வளவுக்கு நான் தூக்கினேன். கந்தோரில் காணி உறுதிப் பத்திரங்களைப் புரட்டிப் பார்த்த உத்தியோகத்தர் சிரித்துவிட்டார். நம் ஊரில் வீடு வளவெல்லாம் சீதனமாகப் பெண்பிள்ளைகள் பெயரில்தானே, கை தூக்கிய ஆம்பிளைகளில் ஒருவருக்கும் அங்கே ஒரு சாண் நிலமில்லை. நாற்பது வருடமாக உம்மாவின் வீட்டில் குடியிருக்கும் எனக்கே அது நினைவு வரவில்லை, வெட்கக்கேடு.

பிறகு பெண்களிடம் வீடு வீடாக நடந்தேன், கால் வீங்கிவிட்டது. உன் வளவுக்குப் பக்கத்து வீட்டு ஹாஜறா படலையைத் திறக்காமலே, புருஷனுக்குக் கேட்கத்தக்கதாக, "என்ட வளவுக்குக் கை தூக்க அவரு ஆரு? இனி என்னோட கதைங்க" என்றா. "கான் முதல்ல, சந்தை பிறகு" என்று எழுதி வாங்கிக்கொண்டுதான் கையெழுத்து வைத்தா. எல்லாரும் வைத்துவிட்டார்கள், இனி நீ மட்டுந்தான். கடலோரக் கடைசி வளவு உன்னுடையது, நீ சம்மதிக்காவிட்டால் அதை வெளியே விட்டு எல்லைக் கோடு போடுவார்கள், கானும் விளக்கும் ஹாஜறா வீட்டோடு நின்றுவிடும்.

அந்த வளவில் இப்போது கிணறும் அத்திவாரமுந்தான் மிச்சம். உன் மூத்த மகள் உம்முவைக் கடலுக்குக் கொடுத்த இடம், "அந்த மண்ணுல இனிக் கால் வைக்கமாட்டன் வாப்பா" என்று நீ விமானம் ஏறும்போது சொன்னதை நான் மறக்கவில்லை. இருந்தும் கை தூக்கினேன். கானுக்காக இல்லை மகள், தெரு வெளிச்சமாகி நாலு வீடு எழும்பினால் உன் மனம் மாறாதா என்ற ஆசைதான். உன்னைக் கேளாமல் செய்தது பிழை, மன்னித்துக்கொள்.

சம்மதப் படிவத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். நீ திரும்பி வந்து வீடு கட்டுவதென்றால் மட்டும் கையெழுத்து வை. வராத வளவுக்கு அந்த வெயிலில் உழைத்து வரி கட்ட வேண்டாம்.

தொழுகையை விடாதே, அர்ஹமைத் தலையில் துணியில்லாமல் வெளியே விடாதே. அல்லாஹ் உங்கள் மூவரையும் ஒரு குறையும் வராமல் காக்கட்டும். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. நீ திரும்பி வருவாயென்றே உம்மா இருக்கிறா, நீ கையெழுத்து வைக்காவிட்டால், படிவம் தபாலில் தவறிவிட்டதென்று அவவிடம் சொல்வேன். அவ கேட்டால் நீயும் அப்படியே சொல்லு.

உன் வாப்பா
மீராமுகைதீன்