கோப்பிக்கு ஊசி போட்டாச்சு, அண்ணே

என் லோரிக்கார அண்ணனுக்கு,

முதலில் நல்ல செய்தி. கோப்பிக்கு இந்த வருடத் தடுப்பூசி போட்டாகிவிட்டது. காரை ஓட்டிக்கொண்டு போனது நான்தான். நம்ப மாட்டாய், தெரியும்.

பந்திங் சாலையில் நான் விபத்தில் சிக்கிய பிறகு ஸ்டியரிங்கைத் தொட்டாலே எனக்கு மூச்சு முட்டும். தெலுக் பங்லிமா காராங்கில் சரக்கு ஏற்றப் போன நீ, அங்கே அநாதையாகக் கிடந்த நாய்க்குட்டி கோப்பியைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு கிள்ளானுக்கு வந்தாய். "மருந்த டாக்டர் பாத்துக்கட்டும், மத்தத இவன் பாத்துக்குவான்" என்றாய். நான் பதறினால் என் காலின் மேல் வந்து படுக்க அவனைப் பழக்கியதும் நீதான். படுத்தால், நான் அமைதியாகும்வரை எழுந்திருக்க மாட்டான். உன் சாவு வீட்டிலும் அப்படித்தான் கிடந்தான். பெரியம்மா விரட்டியும் அசையவில்லை.

வருடா வருடம் அவனை ஊசிக்குக் கூட்டிப்போனது நீ. இந்த முறை நான் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தேன். போன மாதம் பக்கத்து வீட்டு நாய் பார்வோ நோயில் ரத்தமாய்க் கழிந்து செத்தது. இவனும் போய்விட்டால் நான் என்ன ஆவேன், அண்ணே? வாடகைக் காரில் நாயை ஏற்றவும் ஆள் கிடைக்கவில்லை.

சிக்கல் என்ன தெரியுமா? கார்க் கதவைத் திறந்ததும் நான் பதறிவிடுவேன். உடனே கோப்பி வந்து என் காலில் படுத்துவிடுவான். அரிசி மூட்டைக் கனம், யார் தூக்குவது? நான் பயப்படுகிற வரைக்கும் அவனுக்கு ஊசி இல்லை. நல்ல வேலை பழக்கிவைத்தாய், போ!

கோழித் துண்டு காட்டினேன், கெஞ்சினேன், அதட்டினேன். ஒன்றுக்கும் மசியவில்லை. சனிக்கிழமை காலை அம்மா வாசலுக்கு வந்து இந்தக் கூத்தைப் பார்த்தார்.

"டயருக்கு எலுமிச்சம்பழம் வெச்சியா? உங்கண்ணன் வெக்காம லோரிய எடுத்திருக்கானா?"

"பக்கத்துல புக்கிட் திங்கிலதாம்மா க்ளினிக். இதுக்குப் போயி பழமா?"

"கிட்டயோ தூரமோ, வெய்யி லா."

நீ பழம் நசுக்கிக் கிளம்பும்போதெல்லாம் கேலி செய்தவள் நான். வீட்டில் நல்ல பழம் இல்லை. மீ கோரெங் நூடுல்ஸில் பிழிய வாங்கிய கஸ்தூரி எலுமிச்சைதான் இருந்தது, கோலிக்குண்டு அளவில். அம்மா முனீஸ்வரனை வேண்டிக்கொண்டு அதை டயரடியில் வைத்தார். அது உருண்டு வாசல் சாக்கடையில் விழுந்தது. இன்னொன்று வைத்தார். அதுவும் உருண்டது.

"ஐயையோ முனியாண்டி! லோங்காங்குல விழுந்துருச்சு லா!"

அம்மா துடைப்பக்கட்டையால் சாக்கடையைத் துழாவினார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நீ போன பிறகு வயிறு வலிக்கச் சிரித்தது அன்றுதான். கோப்பி தலையைத் தூக்கி என் முகத்தைப் பார்த்தான். எழுந்து உடம்பை உதறிக்கொண்டு, தானாகப் பின் சீட்டில் ஏறி உட்கார்ந்தான். சிரிப்பு அடங்குவதற்குள் நானும் ஏறிக் காரை எடுத்துவிட்டேன். சிக்னலில் ஒருமுறை நெஞ்சு படபடத்தது. "பாதையப் பாத்து ஓட்டு" என்பாயே, அதை எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஊசி போட்டபோது கோப்பி முனகக்கூட இல்லை. வெளியே வந்ததும், மருந்து எடுத்துக் கொடுக்கும் பெண் அவனைத் தடவியபடி கேட்டாள்: "அக்கா, அண்ணன் வரலையா? எப்பவும் அவருதானே கொண்டாருவாரு?"

இந்தக் கேள்விக்குப் பயந்துதான் நான் காய்கறி வாங்கப் பாசாருக்குக்கூடப் போகாமல் இருந்தேன்.

"அண்ணன் தவறிட்டாரும்மா. இனிமே நான்தான் கூட்டிட்டு வருவேன்" என்றேன்.

சொல்லிவிட்டுக் குனிந்து என் காலைப் பார்த்தேன். கோப்பி வரவில்லை. அந்தப் பெண்ணின் பக்கத்தில், உட்கார்ந்த இடத்திலேயே வாலை ஆட்டிக்கொண்டிருந்தான்.

அங்கேயும் பழம் நசுக்கித்தான் கிளம்புகிறாயா, அண்ணே? அடுத்த வருடம் பிரிக்பீல்ட்ஸ் வரைக்கும் நானே ஓட்டிப்போய், பூக்கடையில் உருளாத பழமாகப் பார்த்து வாங்கிவைக்கிறேன். கோப்பியின் ஊசி இனி ஒரு வருடமும் தவறாது. இது என் வாக்கு.

இப்படிக்கு,
காரோட்டும் உன் தங்கச்சி,
தேவி