கோஜோ அண்ணைக்கு விழுந்த ஒரு வாக்கு

டோர்ட்மண்ட்
28.08.2005

அன்பு மகள் அஞ்சலாவுக்கு,

மடுமாதாவின் புண்ணியத்தில் எங்கள் இருவருக்கும் அப்பாவின் முழங்காலைத் தவிர வேறு குறை இல்லை, மெல்பேர்ண் குளிரில் நீயும் மருமகனும் காதை மூடிக்கொண்டு சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இதைப் போனில் சொல்ல முடியாது, அப்பா பக்கத்தில் நின்று சொல்லுக்குச் சொல் திருத்தம் சொல்வார், அதனால்தான் கடிதம். உன்னோடு படித்த பிளோறன்சுக்கு ஒக்ரோபர் கடைசிச் சனிக்கிழமை கல்யாணம். மாப்பிள்ளை ஹனோவரில் வேலை செய்யும் கானாப் பொடியன், அப்பா அண்ணாந்து பார்த்துத்தான் கை கொடுத்தார். ஆனால் மகளைக் கைபிடித்துக் கோவிலுக்குள் கூட்டிப்போக வேண்டிய கோஜோ அண்ணைக்கு ஜெர்மனிக்கு வர விசா கிடைக்குமா என்பதுதான் கோடை முழுவதும் இரண்டு வீட்டிலும் பேச்சு.

உனக்குத் தெரிந்தது பாதிக் கதைதான். அவரும் அப்பாவும் ஆஸ்பத்திரிக் குசினியில் ஒன்றாகக் கோப்பை கழுவியவர்கள். தொண்ணூற்றேழில் நம்முடைய கோவில் பங்குச் சபையில் வெளிநாட்டவருக்கென்று ஒரே ஒரு இடம் வந்தது, இருவரும் அதற்கு நின்றார்கள். அப்பாவை வெல்லவைக்க நான் இருநூறு ரோல்ஸ் பொரித்தேன், சனம் வயிறாரச் சாப்பிட்டுவிட்டு ஒரே ஒரு வாக்கால் அவரைத் தோற்கடித்தது. கோஜோ அண்ணை மட்டும் ஆறு ரோல்ஸ் சாப்பிட்டார். அந்த வெற்றி அவருக்கு ருசி காட்டிவிட்டது. இரண்டு வருடத்தில் தன் ஊரான கானாவுக்குப் போய்ப் பாராளுமன்றத்துக்கு நிற்கப்போகிறேன் என்றார். வேறு நாட்டுப் பிரஜை அங்கே நிற்க முடியாதாம், பதினைந்து வருடம் கந்தோர் கந்தோராக அலைந்து எடுத்த ஜெர்மன் பாஸ்போர்ட்டைக் கொண்டுபோய்த் திருப்பிக் கொடுத்தார். இந்த மனுசனுக்கு விசரே என்று பக்கத்து வீட்டு டொறத்தி அக்கா தலையில் கைவைத்தது உனக்கு நினைவிருக்கும். ஆனால் இரண்டாயிரமாம் ஆண்டு மார்கழியில் வென்று எம்.பி. ஆகிவிட்டார். அவருடைய மனைவி பேர்பெச்சுவா பிள்ளைகளோடு இங்கேயே இருந்து, அவர் எழுதும் கடிதங்களை எங்களுக்கு வாசித்துக் காட்டுவாள். விடிய முதலே வாசலில் வரிசையாம், ஒருவருக்குப் பள்ளிக்கூடக் காசு, ஒருவருக்குக் கூரைத் தகரம். சனிக்கிழமை என்றால் மூன்று செத்தவீடு, ஒன்றைத் தவறவிட்டால் அந்தக் குடும்பத்தின் வாக்கு முழுவதும் போச்சாம். அதை அவர் எங்களிடம்தான் படித்தவர் என்று அப்பா சொல்வார், இங்கே நம்முடைய ஒரு செத்தவீட்டையும் அவர் விட்டதில்லை அல்லவா. தமிழில் அவர் படித்தது "ஓம்", "பிறகு பாப்பம்" இரண்டும்தான், பாராளுமன்றத்துக்கு அது தாராளம் என்பதும் அப்பாவின் கருத்து. இருந்தாலும் நாலு கிணறு தோண்டுவித்தார், ஒரு தெருவும் போடுவித்தார். தெரு சந்தைக்குப் பாதி வழியில் நின்றுவிட்டது, மீதிப் பாதிக்காகச் சனம் போன மார்கழியில் அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டது.

இப்போது பதவியும் இல்லை, பழைய பாஸ்போர்ட்டும் இல்லை. இங்கே அவர் நிற்கும் நாட்களுக்கு யாராவது முழுப் பொறுப்பு என்று கந்தோரில் கையெழுத்து வைக்கவேண்டும், பேர்பெச்சுவாவின் சம்பளம் அதற்குக் காணாது என்று சொல்லிவிட்டார்கள். அவள் எங்களிடம் கேட்கவில்லை. எட்டு வருடமாக அப்பா அந்த ஒரு வாக்கின் கதையைச் சொல்லாத விருந்து இல்லை, பிறகு எப்படிக் கேட்பாள். இரண்டாம் தேதி செவ்வாய்க்கிழமை காலையில் அப்பா தானாகவே முகம் வழித்து, கறுப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டு, "கந்தோரில எனக்கு டெர்மின் இருக்கு, நேரம் குறிச்சாச்சு, நீரும் வெளிக்கிடும்" என்றார். பொறுப்புக் கையெழுத்து வைக்கப் போன இடத்தில் கந்தோர்ப் பெண், வரும் விருந்தாளி உங்களுக்கு என்ன உறவு என்று கேட்டாள். அப்பா கொஞ்சம் யோசித்துவிட்டு, தேர்தலில் என்னைத் தோற்கடித்தவர் என்றார். அவள் பேனையை வைத்துவிட்டு இவரைப் பார்த்தாள், பிறகு "நண்பர்" என்று எழுதினாள்.

திரும்பி வரும்போது ட்ராமில் எனக்கு மனம் தாங்கவில்லை, சொல்லிவிட்டேன். அன்றைக்கு நான் கோஜோ அண்ணைக்குத்தான் வாக்குப் போட்டேன் பிள்ளை. டொறத்தி அக்காவின் அகதி விண்ணப்பத்தை மறுத்து ஊருக்குத் திருப்பி அனுப்பக் கடிதம் வந்தபோது வேலைக்கு லீவு போட்டுவிட்டு அவளோடு கந்தோரில் போய் நின்ற மனிதரின் பெயரைப் பார்த்ததும் பென்சில் தானாகப் போய்விட்டது. அப்பா கோபிப்பார் என்று இருந்தேன். அவர் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். "நானும் அவருக்குத்தானப்பா போட்டனான். வெண்டால் ஒவ்வொரு செவ்வாயும் கூட்டம், ஜெர்மன் பாஷையில அறிக்கை எழுதவேணும். என்ரை பேரைக் குடுத்தது நீரல்லோ" என்றார். பிறகு ஏன் எட்டு வருடப் புலம்பல் என்று கேட்டால், ஒரு வாக்கால் தோற்றவன் என்றால் சனத்துக்கு ஒரு மரியாதையாம். இப்படியும் ஒரு மனிதனோடு நான் குடும்பம் நடத்துகிறேன்.

விசா வெள்ளிக்கிழமை கிடைத்துவிட்டது. கோஜோ அண்ணை போன் எடுத்து அழுதழுது "ஓம், ஓம்" என்றார். பிளோறன்ஸ் நீதான் தனக்குப் பக்கத்தில் நிற்கவேண்டும் என்கிறாள், நின்று நின்று கால் கடுத்தாலும் ரோல்ஸ் நான்தான் பொரிப்பேன், உடனே லீவுக்கு எழுதிக் கொடு. ஆண்டவர் உங்கள் இருவரையும் நோய் நொடியின்றிக் காப்பாராக, நேரத்துக்குச் சாப்பிடு.

மறக்காமல் இன்னொன்று. ட்ராமால் இறங்கும்போது அப்பா சிரிப்பை நிறுத்திவிட்டு, "அப்ப எங்கட வீட்டில எனக்கு ஆர் போட்டது?" என்று கேட்டார். உனக்கு அப்போது பதினாறு வயது, பங்குச் சபைக்கு அதுவே வாக்கு வயது, உன்னுடைய முதல் வாக்கு அது. உன்னிடம் கேள் என்று அவர் சொல்லவில்லை, ஆனால் கடிதம் எழுதி முடிந்ததா என்று காலையிலிருந்து மூன்று தரம் வந்து பார்த்துவிட்டார். அப்பாவுக்குப் போட்டிருந்தால் பெரிய எழுத்தில் எழுது, குளிர்ப்பெட்டியில் ஒட்டிவைக்கிறேன். இல்லையென்றால் என் பெயருக்கு மட்டும் எழுது.

என்றும் உன்னை நினைக்கும்
அம்மா
கொறற்றி