ஆணி அடிக்காத அறை

சகலன்,

வார்னிஷ் மணம் இன்னும் போகவில்லை. முந்தாநாள் உங்கள் மனிசி, மச்சாள், அறைத் திறப்பைக் கையில் தந்து, "தம்பி, மகள் குடும்பத்தோட ஊருக்கே வந்திரப்போறாளாம். கோச்சி அறையை ஒருக்கா ஒழிச்சுத் தாங்க" என்றார். கதவைத் திறந்ததும் அந்த மணந்தான் முதலில் வந்து முகத்தில் அடித்தது. உங்கள் முப்பத்தொன்றாம் நாள் காரியம் முடிந்த கையோடு பூட்டிய அறை. ஜன்னலும் சாத்தியபடி. நீங்கள் பலகையில் வார்னிஷால் ஊற்றிய வாவி உள்ளே தனியாகக் கிடந்து மணத்துக்கொண்டிருந்தது.

"என்ன சகலன், வாவி காஞ்சிட்டா?" என்று கேட்க வாயெடுத்துவிட்டேன். பகிடி விடுகிறவனுக்கு அதை வாங்கிக்கொள்ள ஒரு ஆள் வேண்டும். நீங்கள் போன பிறகு நானும் ஊரெல்லாம் விட்டுத்தான் பார்க்கிறேன். சிரிக்கிறார்கள். ஆனால் உங்களைப் போல ஒருவரும் முதலில் முறைத்து, பிறகு அந்தப் பக்கம் திரும்பிச் சிரிப்பதில்லை.

நாம் இரண்டு பேரும் ஒரே மாமியாருக்கு வாழ்க்கைப்பட்டவர்கள் என்று நான் சொல்லுவேன். நீங்கள் மூத்தவளை எடுத்தீர்கள், நான் இளையவளை. வாவிக்கரையில் ஒரே வளவு, இரண்டு வீடு, நடுவில் ஒரு கிணறு. எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்குத்தானே. ஆண் பிறப்பது தாயின் வீட்டில், குடும்பம் நடத்துவது மனைவியின் வீட்டில், மூப்பது மகளின் வீட்டில். நல்ல வழக்கம்தான். நானும் மேசனாக எத்தனையோ சீதன வீடு கட்டிக் கொடுத்தவன். ஆனால் உங்களைப் போல அதை நெஞ்சில் எழுதி வைத்துக்கொண்டு நடந்த ஒருவரை நான் கண்டதில்லை. சுவரில் சாய்ந்து இருக்கவே மாட்டீர்கள். தலை எண்ணெய் பட்டுச் சுவர் ஊத்தையாகிவிடுமாம்.

வாகரைப் பக்கம் பஸ் ஓட்டிய மனிதருக்குக் கோச்சிப் பைத்தியம், ரயில் பைத்தியம், எங்கிருந்து வந்தது என்று எல்லோரும் கேட்பார்கள். எனக்குத் தெரியும். ஓட்டமாவடியில் அந்தக் காலம் பஸ்ஸுக்கும் கோச்சிக்கும் ஒரே இரும்புப் பாலம். கோச்சி வந்தால் பஸ் ஓரத்தில் நிற்க வேண்டும். சனம் புறுபுறுக்கும், நீங்கள் மட்டும் ஸ்டேரிங்கில் நாடியை வைத்துப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். "பஸ்ஸை எல்லாரும் கை காட்டி நிப்பாட்டுவாங்க. கோச்சிக்குத்தான் ஊர் நிக்கும்" என்று சொன்னது நீங்கள்.

மகளைக் கட்டிக் கொடுத்து வீட்டை அவள் பேருக்கு எழுதியதும், மச்சாளும் நீங்களும் பின்பக்கத்துச் சின்ன அறைக்கு மாறினீர்கள். அவள் புருசனோடு கட்டாருக்குப் போய்விட்டாள். அவளுடைய அறை சும்மா கிடந்து வௌவால் அடைந்தது. நீங்கள் ஓய்வு பெற்ற பிறகு ஒருநாள் காத்தான்குடிக்குப் போய், வெளிநாட்டுச் சாமான் விற்கிற கடையில் ஒரு விளையாட்டுக் கோச்சியை வாங்கிக்கொண்டு வந்து கட்டிலுக்குக் கீழே ஒளித்து வைத்தீர்கள். அதை வைக்க இடம் வேண்டும். மகளிடம் கேட்க எத்தனை நாள் தயங்கினீர்கள்! கடைசியில் நான்தான் போனைப் பறித்து, "புள்ள, உன்ட அப்பாக்கு விளையாட ஒரு அறை வேணுமாம்" என்று சொன்னேன். அவள் சிரித்துவிட்டு, "அது அவர்ர அறைதானே சித்தப்பா, கேக்கவும் வேணுமா?" என்றாள். நீங்கள் தலையை ஆட்டினீர்கள். நம்பவில்லை என்று இப்போது விளங்குகிறது.

அறை இருந்த கோலம்! ஓடு ஒழுகி மூலையெல்லாம் பாசி. வாவிக் காற்றுக்குச் சுவரின் அடிப்பக்கம் உப்புப் பூத்து, தொட்டால் மாவாகக் கொட்டியது. நான் ஓட்டை மாற்றி, பழைய பூச்சைக் கொத்திவிட்டுப் புதிதாகப் பூசினேன். நீங்கள் மண் அரித்தீர்கள், தண்ணீர் ஊற்றினீர்கள், எனக்குக் கையாளாக நின்று என்னிடம் ஏச்சும் வாங்கினீர்கள். "வாழ்க்கையில ஒரு டிரைவரை வேலை வாங்கிட்டன்" என்று சொல்லிச் சொல்லி மகிழ்ந்தேன். வெள்ளை அடித்து முடித்து, தண்டவாளம் வைக்கிற பலகையைச் சுவரோடு பொருத்த நான் சுத்தியலைத் தூக்கியபோதுதான் குறுக்கே வந்து நின்றீர்கள்.

"ஆணி அடிக்கப்படா."

"ஏன், மகள்ட சுவருக்குக் காய்ச்சலா?"

"பூசுறது அவளுக்கு. ஆணி அடிக்கிறது எனக்கு. எனக்கெண்டு ஒண்டும் வேணா."

"அப்ப கோச்சி காத்திலயா ஓடும்?"

"கால் வச்சு நிப்பாட்டுவம்."

அப்படியே செய்தோம். நான்கு துண்டாகப் பலகை, ஒவ்வொன்றுக்கும் சொந்தக் கால், சுவரில் முட்டாமல் ஒரு விரல் இடைவெளி. புதிதாகப் பிளக் வைக்கச் சுவரை வெட்ட வேண்டும் என்று மண்டபத்திலிருந்து வயர் இழுத்தீர்கள். அந்த வயரில் தடுக்கி விழாதவர்கள் அந்த வீட்டில் இல்லை.

மற்றதெல்லாம் விளையாட்டுத்தான். காய்ந்த தேயிலைச் சக்கை நிலமானது. தும்புத்தூளில் பச்சைச் சாயம் பிசைந்து வயல் வட்டை முழுக்க நெல் விதைத்தீர்கள். வலை நூல் தந்திக் கம்பியானது. வாவிக்கு நீலம் பூசி, அதன் மேல் வார்னிஷை ஊற்றி ஊற்றிக் காய வைத்தீர்கள். மாரி ஈரத்துக்கு அது எங்கே காய்ந்தது? ஒரு காலை பார்த்தால் வாவிக்குக் குறுக்கே பல்லி நடந்து போன அடையாளம். உங்களுக்கு அழுகை வராத குறை. "விடுங்க சகலன், முதலை இல்லாம என்ன மட்டக்களப்பு வாவி?" என்றேன். முறைத்தீர்கள். பிறகு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டீர்கள், தோள் குலுங்கியது.

தண்டவாளம் அறையைச் சுற்றி வர வேண்டும் என்றால் வாசலைக் கடக்க வேண்டும். அந்த இடத்தில் உங்கள் ஓட்டமாவடிப் பாலத்தை வைத்தீர்கள், ஒரு பக்கம் பிணைச்சல் போட்டு. ஆள் வந்தால் தூக்கலாம், கோச்சி வந்தால் இறக்கலாம். முதல் முறையாக ஓட விட்ட அன்று பின்னேரம், சரியாகக் கோச்சி மூலை திரும்பும்போது மச்சாள் இரண்டு கையிலும் தேத்தண்ணிக் கோப்பையோடு வாசலில் வந்து நின்றார்.

"பாலத்தைத் தூக்குங்க, தேத்தண்ணி ஆறுது."

"பொறுகா. கோச்சி போகட்டும்."

"என்ட ஊட்டுக்குள்ள எனக்குக் கோச்சிக் கேற்றா?"

நீங்கள் பாலத்தைப் பிடித்தபடி நின்றீர்கள். கோச்சி ஆறுதலாக, மெல்ல மெல்ல வந்து, பாலத்தில் ஏறி, மச்சாளின் வயிற்றுக்கு முன்னால் நகர்ந்து போனது. ஒவ்வொரு பெட்டியாகப் போகும் வரைக்கும் அவரும் நின்றார். கடைசியில் அவருக்கே சிரிப்பு வந்து தேத்தண்ணி சிந்தியது. அவர் போன பிறகு என் காதுக்குள் சொன்னீர்கள்: "சகலன், இந்த ஊட்டில நான் ஒராளை நிப்பாட்டினது இண்டைக்குத்தான்." அந்த முகத்தை நான் அதற்கு முன்னும் பார்க்கவில்லை, பின்னும் பார்க்கவில்லை.

அடுத்த மாரி தொடங்க நீங்கள் போய்விட்டீர்கள். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, ஆஸ்பத்திரிக்கும் காத்திராமல். கோச்சிக்குக்கூட அத்தனை அவசரம் இருந்ததில்லை.

முந்தாநாள் அறையை ஒழிக்கத் தொடங்கினேன். பாலத்தைக் கழற்றினேன். பலகைகளை ஒவ்வொன்றாகத் தூக்கிக் கொண்டுபோய் வெளியே வைத்தேன். அரை நாள் கூடப் பிடிக்கவில்லை. கூட்டிவிட்டு நிமிர்ந்து பார்த்தால், நான் வெள்ளை அடித்து வைத்த சுவர், அடித்தபடியே நிற்கிறது. எனக்கு வேலைக்காரப் பெருமை வந்துவிட்டது. கட்டாருக்கு வீடியோ எடுத்து, போனைச் சுவர் நெடுகப் பிடித்துக் காட்டினேன்.

"பாத்தியா புள்ள? ஒரு கீறல் இல்ல. உன்ட அப்பா அவ்வளவு கவனம்."

அவள் முகத்தைத் திரைக்குக் கிட்டக் கொண்டுவந்தாள். 

"மற்றச் சுவரையும் காட்டுங்க சித்தப்பா."

காட்டினேன்.

"ஒரு ஓட்டை கூட இல்லையா?"

"இல்லம்மா."

"அப்ப அப்பா அங்க இருந்ததுக்கு என்ட சுவரில ஒண்டுமே இல்லையா? நான் குடுத்த அறைதானே. ஏன் அவர் எடுக்கல்ல?"

அழுதாள், சகலன். என் வாய்க்கு ஊரில் பேர் இருக்கிறது. அந்த நேரம் கை மட்டும் சுவரைத் தடவியது. அவளுக்குப் பாரம் வைக்கக் கூடாது என்று நீங்கள் காலமெல்லாம் விரல் அளவு தள்ளியே நின்றீர்கள். அந்த விரல் அளவுதான் இப்போது அவளுக்குப் பாரம். இதை அவளுக்கு எப்படிச் சொல்வது? அவள் கேட்டது உங்களிடம். நான் போனைச் சுவர்ப் பக்கமே பிடித்துக்கொண்டு நின்றேன்.

பலகைகளை என் வீட்டுக்குக் கொண்டு வந்துவிட்டேன். அவள் வந்து கேட்டால் கொடுப்பேன். பின் விறாந்தையில் வைக்கச் சொல்லி உங்கள் மச்சினிச்சி, என் மனிசி, உத்தரவு தந்தாள். கால்கள் ஈரத்தில் உளுத்துப் போகும், சுவரில் தூக்கி வைக்க வேண்டும். பென்சிலால் குறி போட்டு ஆணியைப் பிடித்தேன். எத்தனை பேருடைய சுவரில் கேட்காமல் அடித்த கை! எங்கள் மகளுக்கும் கலியாணம் பேசியாகிவிட்டது, வீடும் அவள் பேரில். கை எழும்பவில்லை.

"என்ன, சுவரோட கதைக்கிறீங்களா? அடிங்களன்" என்றாள் என் மனிசி.

"மகள்ட சுவர்கா."

உள்ளே இருந்து மகள் கேட்டாள்: "இவ்வளவு நாளும் யார்ட்டக் கேட்டு அடிச்சீங்க அப்பா?"

இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நான் அடித்தேன், கொஞ்சம் பலமாகவே அடித்துவிட்டேன். ஆணியைச் சுற்றி ஒரு கை அகலத்துக்குப் பூச்சுப் பெயர்ந்து விழுந்தது, செங்கல் தெரிகிறது. சீமெந்து வீட்டில் கிடக்கிறது, கரண்டியும் கிடக்கிறது. பூசவில்லை. மேசன் வீட்டுச் சுவரைப் பாருங்க என்று வருகிறவர்கள் பகிடி பண்ணுவார்கள். பண்ணட்டும்.