இரு படங்களுக்கு இடையில் ஒரு கை

இன்று காலை ஊர்காவற்றுறைச் சந்தையடியில் செருப்புத் தைப்பவர் நூலுக்குத் தேன்மெழுகு பூசிக்கொண்டிருந்தார். கட்டியைப் பெருவிரலால் அழுத்தி அதன் மேலாக நூலை இழுக்க, சூட்டில் மெழுகு மணத்தது. அறுந்த செருப்பைக் கையில் பிடித்தபடி நின்றுவிட்டேன். "என்ன ஐயா, தைக்கிறதோ இல்லையோ?" என்று அவர் இரண்டாம் தடவையும் கேட்டார். அதற்குள் நான் நாரந்தனையில், யன்னல்களுக்குக் கறுப்புத் துணி கட்டிய உமது முன் அறையில், உம்மிடம் ஏச்சு வாங்கிக்கொண்டிருந்தேன்.

ஒரே வகுப்பில் படித்தோம் என்பதற்காக நீர் என்னைத் தேடி வரவில்லை. ஜேர்மனியில் விளம்பரப் படங்களுக்குப் பொம்மை அசைக்கும் கூடமொன்றில் காலம் கழித்துவிட்டு, கமராவும் விளக்குகளுமாக ஊருக்குத் திரும்பியிருந்தீர். நான் நில அளவைப் படம் வரைந்து ஓய்வுபெற்றவன், அரை மில்லிமீற்றர் தவறாதவன் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். படலைக் கதவடியில் நின்றபடியே கேட்டீர்.

"விஞ்ஞானப் புனைகதைப் படம் ஒண்டு எடுக்கப்போறன் ஐசே. உதவிக்கு வாரும்."

"எனக்கு உந்தப் படவேலையைப்பற்றி ஒண்டும் தெரியாதே."

"தெரியாதெண்டுதான் கூப்பிடுறன். உமக்கு ஆக்களோடை பழகவும் தெரியாது. பொம்மையளோடை பழகுவீர்."

வேலை இதுதான். கம்பியால் எலும்பு கட்டி அதன்மேல் மெழுகு பூசிய, சாண் உயரப் பொம்மைகள். அவற்றில் ஒன்றின் கையை நகமளவு உயர்த்தி ஒரு படம். இன்னும் நகமளவு உயர்த்தி இன்னொரு படம். பன்னிரண்டு படம் சேர்ந்தால் திரையில் ஒரு வினாடி. ஒரு பகல் முழுதும் வேலை செய்தால் ஒருவன் கதிரையிலிருந்து எழும்பியிருப்பான். எழும்பியவன் நடக்க அடுத்த நாளும் வேண்டும். எனக்கு அது பிடித்திருந்தது. உமக்கு முன்னால் நான் அதைச் சொன்னதில்லை. சொன்னால் அதிலும் ஒரு குத்து இருக்கும்.

முதலில் நீர் எழுதிய கதை நம்பிக்கையான கதை. கடல் ஏறி மூழ்கிய தீவொன்றின் சனங்கள் வறண்ட சந்திரன் ஒன்றுக்குப் போய்க் குடியேறுகிறார்கள். நெடுந்தீவிலிருந்து கொண்டுவந்த கடற்பவள முருகைக்கல்லால் அவர்களுக்கு ஒரு ஊர் கட்டினோம். அவர்கள் கிணறு வெட்ட வேண்டும், தண்ணீர் வர வேண்டும், சிரிக்க வேண்டும். சித்திரை வெய்யிலும் உமது விளக்குகளும் சேர்ந்தபோது மெழுகு இளகியது. எடுத்த படங்களை ஓட்டிப் பார்த்தால், கிணற்றடியில் நின்று சிரிக்கும் சனங்களின் கன்னங்கள் சிரிப்போடு சேர்ந்து கீழே வழிந்தன. கண் ஒன்று மெல்ல மூக்கடிக்கு வந்தது.

நான் வீட்டுக்குப் போய், எவ்வளவு மெழுகுக்கு எவ்வளவு குங்கிலியம் கலந்தால் இறுகும் என்று பரிசோதித்து, பொட்டலத்தோடு வந்தேன். நீர் அதை வாங்கி யன்னலுக்கு வெளியே எறிந்தீர்.

"தொடாதையும். இனி இது குடியேறுற கதை இல்லை. மெழுகு வேறை கதை சொல்லுது, கேளும்."

"கதையை நீர்தானே எழுதினீர்?"

"நான் எழுதினன். சாமான் திருத்துது."

அன்றுதான் அந்த நீண்ட விளக்கத்தைச் சொன்னீர். அறையில் என்னைத் தவிர ஒருவரும் இல்லை; ஆனால் மண்டபம் நிறைந்த கூட்டத்துக்குச் சொல்வதுபோலச் சொன்னீர். "கையாலை கீறி வரைஞ்ச படத்திலை மனிசன் கொக்காகலாம், கொக்கு கப்பலாகலாம். அதிலை ஒருத்தரும் உண்மையாச் சாகமாட்டினம். அதாலை கீறி எடுத்தால் எதிர்காலம் ஒரு விளையாட்டு. கொம்பியூட்டரிலை எடுத்தால் ஒண்டுக்கும் பாரமில்லை. நகரம் வேணுமோ, ஆயிரம் நகரம் வரும். அதாலை அதிலை எல்லாரும் யுத்தம் எடுப்பினம், உடைக்க நிறையக் கிடக்குதே. பொம்மை அப்பிடி இல்லை. அது சவம். நாங்கள் அசைச்சால்தான் அசையும். அதாலை பொம்மையை வைச்சு எதிர்காலத்தைப் பற்றி என்ன கதை எடுத்தாலும், உள்ளுக்கை ஒரு கேள்விதான் கிடக்கும். எங்களை அசைக்கிறது ஆர்?"

அப்படியே கதை மாறியது. சந்திரனில் குடியேறியவர்களின் வாழ்க்கையில் கணத்துக்குக் கணம் ஒரு வெட்டு இருக்கிறது. அந்த வெட்டுக்குள் ஏதோவொன்று வந்து அவர்களைத் தொட்டுத் திருப்பிவிட்டுப் போகிறது. அவர்களுக்கு அது தெரியாது. உடம்பு மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக இளகுகிறது. அப்படித் திருப்பும் கையை ஒருதடவையாவது காட்டவேண்டாமா என்று கேட்டேன்.

"கை தெரிஞ்சால் அது பக்திப்படம் ஐசே. சனம் கும்பிட்டிட்டு வீட்டை போயிடும். தெரியாட்டில் அது பயப்படம். கை தெரியவே கூடாது. இதிலை பிழைவிட்டீரெண்டால் உம்மடை கையை வெட்டுவன்."

சந்திரனில் ஒரு முதியவர் விழுந்து சாகும் காட்சிக்கு, அங்கே ஈர்ப்பு குறைவு என்று கணக்கிட்டு, ஒவ்வொரு படத்துக்கும் எவ்வளவு கீழே இறக்குவது என்று வளைகோடு வரைந்து வந்தேன். அதன்படி விழுத்தினோம். ஓட்டிப் பார்த்தபோது இறகு விழுவதுபோல இருந்தது. நீர் நடுவிலிருந்து இரண்டு படங்களைத் தூக்கிவிட்டு மறுபடி ஓட்டினீர். இம்முறை முதியவர் செத்தே விழுந்தார். "உம்மடை கணக்கு சரி," என்றீர். "ஆனால் சாவிலை ஒரு துண்டு காணாமல் போகோணும்." பிறகு செத்த பொம்மையைத் தூக்கி எனக்குக் காட்டி, "உம்மைவிட இதுக்கு முள்ளந்தண்டு இருக்கு. நான்தான் கம்பி போட்டனான்," என்றீர். தேத்தண்ணி கொண்டுவந்த உமது மனைவி சிரிக்கவில்லை. நான் சிரித்தேன்.

அடுத்த வருடம் உமது வயிற்றில் நோய் வந்தது. படத்தில் கடைசி மனிதனின் காட்சி மட்டும் எஞ்சியிருந்தது. எல்லாரும் இளகிப்போன ஊரில் அவன் கதிரையில் தனியே இருந்து தேய்ந்து முடிய வேண்டும். எந்த மெழுகும் உமக்குத் திருப்தி தரவில்லை. ஒரு காலை நான் வந்தபோது முருகைக்கல் சுவருக்கு முன்னால் உண்மையான கதிரை போட்டு அதில் நீரே இருந்தீர்.

"பொம்மை வந்திட்டுது. நாளுக்கு ஒரு படம் எடும். ஒரே இடம், ஒரே வெளிச்சம். முடியும்வரைக்கும்."

எது முடியும்வரை என்று நான் கேட்கவில்லை. கதிரைக் கால்கள் நின்ற இடத்தை நிலத்தில் கீறி அடையாளமிட்டேன். நாள்தோறும் சைக்கிளில் வந்தேன். மழையிலும் வந்தேன். உமது மார்பு ஏறி இறங்குவதைக் கமராவுக்குள்ளால் பார்த்திருந்து, மூச்சு வெளியேறி அடங்கும் இடத்தில் அழுத்துவேன். படமெடுக்கும்வரை உமக்குக் கஞ்சி கொடுக்கக்கூடாது, தலைமயிரை வாரி இழுக்கக்கூடாது என்று உமது மனைவிக்குக் கட்டளை. ஒருநாள் வலியில் வாய் பிளந்து கத்தினீர், நான் பயத்தில் அழுத்திவிட்டேன். வலி விட்டதும் நீர் முதலில் சொன்னது, "வாய் திறந்திட்டுது. திரும்ப எடும்." வலியை முகத்திலிருந்து துடைத்து, நேற்றைய முகத்தைப் போட்டுக்கொண்டீர். நான் திரும்ப எடுத்தேன். உமது புருவத்தில் ஒட்டியிருந்த தூசியைப் பொம்மை துடைக்கும் தூரிகையால் தட்டினேன். உமது மனைவி வாசலில் நின்று அதைப் பார்த்தார்.

"ரெண்டு பேரும் மனிசரோ?" என்றார்.

"அவர் மனிசன்," என்று என்னைக் காட்டினீர். "நான் சாமான்."

கடைசி நாள் காலையும் வெளிச்சம் சரியாக விழுந்திருந்தது. உம்மைத் தூக்கி இருத்திவிட்டு உமது மனைவி வெங்காயம் உரிக்கக் குசினிக்குப் போயிருந்தார். நான் வந்து வணக்கம் சொன்னேன். நீர் பதில் சொல்வதை நிறுத்தி நாளாகியிருந்ததால் நேரே கமராவுக்குள் கண்ணை வைத்தேன். மூச்சு அடங்குவதற்காகக் காத்திருந்தேன். அது ஏற்கெனவே அடங்கியிருந்தது. தலை ஒரு பக்கம் சரிந்து கிடந்தது.

அவர் தேத்தண்ணியோடு வந்தார். என்னைப் பார்த்தார், உம்மைப் பார்த்தார், கோப்பையை நிலத்தில் வைத்தார். கத்துவார் என்று நான் சுவரோடு ஒதுங்கினேன்.

"எடுத்தாச்சோ?"

"இல்லைத் தங்கச்சி. தலை..."

அவர் போய் உமது நாடியைத் தாடையோடு பிடித்து, குலையில் தேங்காய் திருப்புவதுபோலத் திருப்பினார். "நேற்று இப்பிடியோ?"

"கொஞ்சம் மேலை."

"இப்ப?"

"ஓம்."

"எடுங்கோ அண்ணை. எடுத்த பிறகு அழுறன்."

அழுத்தினேன். கையை எடுங்கோ என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கமரா சத்தம் கேட்டதும் அவர் அழத் தொடங்கினார். இன்னொரு படம் கேட்கும் துணிவு இந்த உலகத்தில் எவருக்கும் இருந்திருக்காது. உமக்கு மட்டும் இருந்திருக்கும்.

செத்தவீட்டில் கமராக்களுக்குக் குறைவில்லை. வெளிநாட்டுச் சொந்தங்களுக்காக ஒருவன் ஏணியில் நின்று நேரலை விட்டான். கனடாவிலிருந்த உமது தம்பி போனுக்குள்ளிருந்து, "முகத்தைக் கொஞ்சம் கிட்டக் காட்டுங்கோ," என்றார். காட்டினார்கள். நான் எடுத்த ஒரு படம் அந்தக் கூட்டத்தில் பெரிய காரியமாக இருக்கவில்லை.

ஓரிரு மாதம் கழித்துப் படங்களைக் கோத்தேன். உமது நோய்க்காலம் முழுவதும் திரையில் கொஞ்ச நேரம்தான். கதிரையில் ஒரு பருத்த மனிதன் ஆடி ஆடி வற்றுகிறான். கடைசிப் படத்தில், பன்னிரண்டில் ஒரு பங்கு வினாடி, அவன் நாடியில் காப்புப் போட்ட ஒரு கை. நான் அனுப்பிய சின்னப் பிரதியைப் பார்த்துவிட்டு உமது தம்பி போன் எடுத்தார்.

"அண்ணை, கடைசியிலை அண்ணியின்ரை கை விழுந்திட்டுது. ஒரு நிமிச வேலை, நான் இஞ்சை இருந்து கொம்பியூட்டரிலை அழிச்சுவிடுறன். அசலை அனுப்புங்கோ."

இன்ரநெற் இல்லை என்றேன். அடுத்த நாள் கரண்ட் இல்லை என்றேன். அதற்கடுத்த நாள் போனையே எடுக்கவில்லை. பிறகு உமது மனைவியிடம் போய் அந்தப் படத்தைக் காட்டி, தம்பி கேட்டதைச் சொன்னேன்.

"இவர் அழிக்கச் சொன்னவரோ?"

"கை தெரியக்கூடாதெண்டு சொன்னவர். கதையை மாத்தேக்கை."

"அவருக்கே தெரியாத கை. சனத்துக்குத் தெரிஞ்சால் என்ன, தெரியாட்டில் என்ன." பிறகு முற்றத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "நீங்களே யோசியுங்கோ அண்ணை. தலையை நான் பிடிச்சன். எல்லாத்துக்கும் நானே தலை பிடிக்கேலாது."

யோசித்தேன். கையை அழித்தால் கடைசிப் படமும் அதற்கு முந்திய படமும் ஒன்றுபோலவே இருக்கும். எந்தப் படத்தில் உயிர் இருந்தது, எதில் இல்லை என்று பார்ப்பவன் ஒருகாலும் அறியமாட்டான். நிற்கும் படத்தில் எல்லாரும் சவம்தான் என்று அவனுக்குத் தெரியவரும். உம்முடைய பயப்படம் அங்கேதான் முழுமையடையும். உமது முடிவு என்னுடையதைவிடச் சிறந்தது என்று இப்போதும் எண்ணுகிறேன். நான் அதை வைக்கவில்லை. வெங்காயம் உரித்த அந்தக் கையை அப்படியே விட்டேன். அது நியாயத்துக்காகவா, முள்ளந்தண்டைப் பற்றி நீர் சொன்னதற்காகவா என்று பலமுறை என்னையே கேட்டிருக்கிறேன். இரண்டாவதாக இருக்கலாம்.

யாழ்ப்பாணத்தில் சின்ன மண்டபமொன்றில் காட்டினார்கள். கன்னம் வழியும்போது முன்வரிசைப் பிள்ளைகள் சிரித்தார்கள், பிறகு சிரிப்பை நிறுத்தினார்கள். திரையில் நீர் தேய்ந்து முடிந்து விளக்குப் போட்டதும் ஒரு பெண் எழும்பினாள்.

"கடைசியிலை கண்ணுக்குள்ளை என்னமோ தட்டினது. அது தெரியாமல் விட்ட பிழையோ, வேணுமெண்டு செய்ததோ?"

ஒலிவாங்கி என் கையில் இருந்தது. இது என்ன வகைப் படம் என்று உம்மைப்போல எனக்கு விளக்கத் தெரியாது. பக்கத்திலிருந்த உமது மனைவி எழும்பவில்லை, ஒலிவாங்கியையும் கேட்கவில்லை.

"அது நான்," என்றார்.

திரும்பிவரும் பஸ்ஸில், பண்ணைப் பாலம் கடந்த பிறகு, "படத்திலை அவரை நான் பார்க்கேல்லை அண்ணை. என்ரை காப்பைத்தான் பார்த்தன்," என்றார். செத்தவீடன்றே கழற்றியது, அதற்குப் பிறகு அவர் காப்புப் போட்டதில்லை.

நீர் எனக்கு விட்டுப்போனது ஒரு நோய். யாரோடு கதைத்தாலும் அவர் மூச்சு அடங்கும் இடத்தை என் கண் தேடுகிறது. காலையில் சவரக் கத்தியால் முகம் வழிக்கும்போது கண்ணாடியில் நேற்றைய முகத்தைத் தேடி, அதற்கும் இதற்கும் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று அளக்கிறேன். சில நாட்களில், இமை மூடித் திறக்கும் இடைவெளியில், என் நாடியை ஒருவர் பிடித்துத் திருப்பிவிட்டுப் போனதுபோல இருக்கும். கும்பிடத் தோன்றுவதில்லை. கொஞ்சம் மேலை என்று சொல்லத்தான் தோன்றுகிறது. அதையும் சொல்லத் துணிவில்லாமல், அந்தக் கை திருப்பி வைத்த பக்கம் பார்த்துக்கொண்டு இருக்கிறேன்.