பதினோரு ஓட்டுநர்களும் ஒரு அம்மாவும்

மார்ச் 4, திங்கள்

அம்மாவுக்கு,

நேரில் பேசினால் அழுதுவிடுவேன், அழுதால் நீ ஜெயித்துவிடுவாய். அதனால் எழுதி, சர்க்கரை டப்பாவுக்கு அடியில் வைக்கிறேன்.

"பதினஞ்சு வயசாச்சு, இனி நீச்சல் வகுப்புக்கு நீயே பஸ்ஸுல போய்ட்டு வா" என்று போன மாதம் சொன்னது நீதான். இன்றைக்கு பதினாலாம் நம்பரில் என் தோழிகள் மூன்று பேர் பக்கத்தில் இருக்கும்போது, டிரைவர் மீசை மாமா வயர்லெஸை எடுத்து, "குட்டி ஏறியாச்சுக்கா, மூணாவது ஜன்னல்" என்றார். உடனே உன் குரல், பஸ் முழுக்கக் கேட்கிற மாதிரி: "முகம் வாடியிருக்கா? மத்தியானம் சாப்பிட்ட மாதிரி தெரியுதா?"

கடைசி சீட்டு வரைக்கும் சிரித்தார்கள்.

நான் தனியாகப் போனேன் என்று ஒரு மாதமாக நினைத்துக்கொண்டிருந்தேன். பதினோரு டிரைவர்கள் என்னைச் சுமந்து போயிருக்கிறார்கள். நாளையிலிருந்து நடந்தே வருகிறேன்.

உன் மகள்
('அன்புள்ள' என்று போட மனசு வரவில்லை.)

மார்ச் 5, செவ்வாய்

என் செல்லத்துக்கு,

நீ பள்ளிக்குக் கிளம்பும்போது நான் தூங்குகிறேன். நான் வேலை முடிந்து வரும்போது நீ தூங்குகிறாய். அப்பாவோ, "உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல நான் தூது போக மாட்டேன்" என்று செய்தித்தாளுக்குள் ஒளிந்துகொள்கிறார். ஆகவே நானும் எழுதுகிறேன்.

மீசை தானாகத்தான் சொன்னான் என்று எழுத ஆரம்பித்து, அந்த வரியை அடித்திருக்கிறேன், பார். நான்தான் கேட்டேன். ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகக் கேட்டேன்.

பதினாறு வருஷமாகக் கட்டுப்பாட்டு அறையில் உட்கார்ந்து, எந்த பஸ் எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொண்டே இருப்பதுதான் என் வேலை. ஒரு வண்டி பத்து நிமிஷம் பதில் சொல்லாவிட்டால் எனக்குக் கை பரபரக்கும். உன்னை அனுப்பிய முதல் நாள் அந்தப் பரபரப்பை என்னால் அடக்க முடியவில்லை.

நாலு கிலோமீட்டர் ஈரத் தலையோடு நடக்காதே. நீ ஏறியதை மட்டும் சொல்லச் சொல்கிறேன், வேறு எதுவும் கேட்க மாட்டேன். சரியா?

அம்மா

மார்ச் 6, புதன்

அம்மா,

பாதி உளவு என்று ஒன்று கிடையாது. இன்றைக்கும் நடந்துதான் வந்தேன். தலையைத் துவட்டிக்கொண்டேன்.

மகள்

மார்ச் 8, வெள்ளி

கண்ணம்மா,

நீ சொன்னதுதான் சரி. அதை ஒப்புக்கொள்ள எனக்கு இரண்டு நாள் ஆயிற்று.

நேற்று பணி ஆரம்பிக்கும் முன் எல்லா ஓட்டுநர்களையும் நிறுத்தி, "இனிமே என் பொண்ணு உங்களுக்கு வெறும் பயணி. அவளைப் பத்தி ஒரு வார்த்தை வரக் கூடாது" என்றேன். மீசை, "நாங்க இருந்துடுவோம்க்கா, நீங்க தாங்குவீங்களா?" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் அவன் கேட்ட கேள்வி இன்னும் என்னோடுதான் இருக்கிறது.

பஸ்ஸில் வா.

அம்மா

மார்ச் 14, வியாழன்

அம்மா,

இதை நானே சொல்ல வேண்டும் என்று நினைத்தேன்.

இன்று பேச்சு சுவாரசியத்தில் பதினாலுக்குப் பதிலாகப் பதினாறில் ஏறிவிட்டேன். தோழி நடுவில் இறங்கிவிட்டாள். கவனித்தபோது கடைசி நிறுத்தம். இருட்ட ஆரம்பித்திருந்தது. இன்று அதை ஓட்டி வந்தது மீசை மாமா! "ஏறும்போதே கேட்டிருக்கலாமே" என்று கத்தினேன். "நீ வெறும் பயணின்னு உத்தரவும்மா, கேட்கவே பயமா இருந்துச்சு" என்றார். "அம்மாகிட்ட சொல்லட்டுமா?" என்று கேட்டார். நானே சொல்லிக்கொள்கிறேன் என்றேன். அவர் வண்டி திரும்பக் கிளம்ப ஐம்பது நிமிஷம் ஆகுமாம்.

பயமாகத்தான் இருந்தது. உன் நம்பரை எடுத்தேன், வைத்துவிட்டேன். அங்கே கம்பத்தில் ஒரு கால அட்டவணை மாட்டியிருந்தது. நீ போட்டதுதானே? கட்டம் கட்டமாக. அதைப் பார்த்து ஒன்பதாம் நம்பரைப் பிடித்து, நூலகத்தில் இறங்கி, பதினாலுக்கு மாறி வந்துவிட்டேன். ஒரு நிமிஷம்கூடப் பிசகவில்லை.

அந்தக் கடைசி நிறுத்தத்தை நீ பார்த்திருக்கிறாயா? பின்னால் ஒரு பெரிய ஏரி இருக்கிறது, வாத்துகள் இருக்கின்றன. சனிக்கிழமை உனக்கு லீவுதானே? வருகிறாயா?

அன்புள்ள
குட்டி

மார்ச் 15, வெள்ளி

குட்டிக்கு,

ஆறேகாலுக்கு வயர்லெஸில் மீசை வந்தான். "அக்கா, குட்டி விஷயமா ஒண்ணு…" என்று இழுத்தான். "நல்லா இருக்காளா? ஆமா, இல்லைன்னு மட்டும் சொல்லு" என்றேன். "ஆமா" என்றான். போதும் என்று துண்டித்துவிட்டேன். நீ வீடு சேரும் நேரம் தாண்டியும் அப்பாவுக்கு போன் போடவில்லை. அடுத்த ஒன்றரை மணி நேரத்தில் ஒரே நடைமேடைக்கு இரண்டு வண்டிகளை அனுப்பி, மேலதிகாரியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். வீட்டுக்கு வந்ததும் வாசலில் உன் செருப்பு கிடந்தது. அதைச் சும்மா ஒருமுறை நேராக வைத்துவிட்டு வந்து படுத்தேன். சர்க்கரை டப்பாவைக் காலையில்தான் தூக்கிப் பார்த்தேன்.

பதினாறு வருஷமாக அந்த நிறுத்தத்துக்கு வண்டி அனுப்புகிறேன். அங்கே ஏரி இருப்பது எனக்குத் தெரியாது.

சனிக்கிழமை வருகிறேன். எத்தனை மணி வண்டி, எங்கே மாற வேண்டும் என்று நீயே சொல். நான் ஜன்னலோரம் உட்கார்ந்துகொள்கிறேன்.

மத்தியானம் சாப்பிட்டாயா? இதை உன்னிடம்தான் கேட்கிறேன்.

அம்மா